அம்மாவும் அந்தம்மாவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் ரவிக்கை இறுகிப்போனது, அவ்வளவுதான்.

மாமி மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பட்டுப்புடவைக்கான ரவிக்கையைப் போட்டுப் பார்த்தால் கை தூக்க முடியவில்லை. அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மேல்தளத்துக்கு, கமலக்காவின் தையல் கடைக்கு ஓடினேன். இரண்டு தையல் இயந்திரம், ஒரு மின்விசிறி, ஒரு முக்காலி. நான்காவதாக ஒரு பொருள் வைக்க அந்தக் கடையில் இடமில்லை.

என் பெயர் ரபியா. உயர்நிலைப்பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன், அவ்வப்போது கதை எழுதுகிறேன். எங்கள் வாசகர் வட்டம் ‘தாய்மை’ என்று ஒரு தொகுப்பு கொண்டுவரப்போவதாகச் சொல்லி என்னிடம் ஒரு கதை கேட்டிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு மூன்று வாரமாக விழித்துக்கொண்டிருந்தேன். தாய்மை என்று எழுதி அடியில் கோடு போட்டால் அதற்குமேல் பேனா நகரவில்லை. அந்தச் சொல்லுக்கு யாரோ ஏற்கெனவே மாலை போட்டு மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். அதனிடம் போய் ‘கொஞ்சம் நகருங்கள்’ என்று எப்படிச் சொல்வது?

தையலைப் பிரித்துக்கொண்டிருந்த கமலக்காவிடம் இந்தப் புலம்பலைக் கொட்டினேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு அவர் சொன்னார்:

“அம்மாவப் பத்தி எழுத எதுக்கு டீச்சர் இவ்ளோ யோசன? எனக்கு ரெண்டு பேரு இருக்காங்க. வேணும்னா எழுதிக்குங்க.”

நான் முக்காலியில் உட்கார்ந்தேன்.

“ஆனா ஒண்ணு. எழுதுறத எனக்குப் படிச்சுக் காட்டணும். பொய் இருந்தா அடிச்சிருவேன்.”

“எழுத்தையா, என்னையாக்கா?”

“ரெண்டையும்தான் லா.”

ஆகவே, வாசகரே, கீழே அடைப்புக்குறிக்குள் வருபவை பெரும்பாலும் அவருடைய குறுக்கீடுகள். மற்றவை என் தயக்கங்கள். எது யாருடையது என்பது உங்களுக்குச் சுலபமாகத் தெரிந்துவிடும். அவருக்குத் தயக்கமே கிடையாது.

2

முதல் தொடக்கம்:

தேக்காவில் ஊதுபத்தி மணக்கும் ஒரு காலையில், சீன முகமும் தமிழ் நாக்கும் கொண்ட ஒரு பெண்மணி—

[நாக்கு எல்லாருக்கும் செவப்புத்தான் டீச்சர். அப்புறம் என் கடையில ஏது ஊதுபத்தி? கீழேருந்து மீன் வாடதான் வரும்.]

இரண்டாவது தொடக்கம்:

1962, சீனர்களின் புலி வருடம். அந்த வருடம் பிறந்த பெண் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று நம்பிய குடும்பங்கள் உண்டு. அந்தக் காலச் சிங்கப்பூரில் பெண் குழந்தைகள் அதிகமாகிப்போன சீன வீடுகளிலிருந்து மலாய் வீடுகளுக்கும் இந்திய வீடுகளுக்கும் குழந்தைகள் கைமாறின. அப்படி வந்த ஒரு குழந்தையை வளர்த்த வளர்ப்புத்தாய்—

இந்த இடத்தில் கமலக்கா இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். “என்ன சொன்னீங்க?”

“வளர்ப்புத்தாய்.”

“அந்த வார்த்தைய எடுத்துருங்க. வேற யாராச்சும் அம்மா வளக்காமயா இருக்காங்க? எங்கம்மா எங்கம்மாதான். இன்னொருத்தங்க அந்தம்மா. அவ்ளோதான்.”

எடுத்துவிட்டேன். மொழியைப் பிழைப்பாக வைத்திருப்பவள் நான். அம்மாவுக்கும் அந்தம்மாவுக்கும் இருக்கிற தூரத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

ஆகவே மூன்றாவது தொடக்கம், அவர் சொன்னபடியே.

கமலத்தின் அப்பா செல்லக்கண்ணு செம்பவாங் கடற்படைத் தளத்தில், நேவல் பேஸில், கப்பல் பட்டறையில் சாயம் அடிப்பவர். அம்மா அஞ்சலை. கமலத்துக்கு வழுவழுவென்று நேர்முடி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினாலும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கனகாம்பரம் வழியிலேயே விழுந்துவிடும். அஞ்சலை தினமும் இரண்டு கொண்டையூசிகளைச் செருகி, அந்த முடியைத் திட்டுவார்: “ஒங்கப்பன் மாதிரியே இருக்கு. ஒரு எடத்துல நிக்குதா பாரு!”

ஏழு வயதுவரை கமலம் தன் முடி அப்பாவைக் கொண்டது என்றே நம்பியிருந்தாள். செல்லக்கண்ணுவுக்குச் சுருட்டை முடி. அது ஒரு முரண்பாடாக யாருக்கும் படவில்லை.

பிறகு பள்ளியில் ஒரு பிள்ளை சொன்னது. கமலம் வீட்டுக்கு வந்து கேட்டாள். அஞ்சலை மறைக்கவில்லை. “ஆமா. ஒரு சீனத்திதான் பெத்தா. நீ எங்கிட்டதான் வரணும்னு இருந்துச்சு, வந்துட்ட. இப்ப சாப்டு.” அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு வரவில்லை. கமலம் தமிழ்ப்பெண்ணாக வளர்ந்தாள், மூக்குக் குத்திக்கொண்டாள், தையல் கற்றாள், தனசேகரனைக் கட்டிக்கொண்டு தெம்பனிஸில் குடியேறினாள், கவிப்ரியா என்று ஒரு மகளைப் பெற்றாள். அஞ்சலை எண்பத்தொரு வயதில், மகள் மடியில், ஒரு மதிய வேளையில் போய்ச்சேர்ந்தார்.

[தூக்கத்துல போனாங்க. அத எழுதுங்க. கஷ்டப்படல.]

தூக்கத்தில் போனார். கஷ்டப்படவில்லை.

3

போன வருடம், கமலத்துக்கு அறுபத்திரண்டு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு சீனர் வந்து நின்றார். ஏறக்குறைய அறுபது வயது, கையில் மோட்டார்சைக்கிள் தலைக்கவசம். பார்த்துக்கொண்டே நின்றார்.

“தைக்கணுமா அங்கிள்?” என்று கமலம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீங்கள் என் அக்காவா?” என்றார்.

(இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். கத்தரிக்கோல் கைநழுவி விழுவது, மின்விசிறி ஒரு கணம் நின்றுபோவது எல்லாம் அதில் இருந்தது. கமலக்கா படித்துவிட்டு, “மின்விசிறி ஏன் நிக்கிது? ஃபியூஸ் போச்சா?” என்று கேட்டார்.)

நிஜத்தில் கமலத்துக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த மனிதர் டான் கிம் ஹொக், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மூத்த அக்கா சாகும் தறுவாயில் ஒரு விஷயத்தைச் சொன்னதாக அவர் சொன்னார். ஹொக்குக்கு இன்னொரு அக்காவும் இருந்தாள், அவளை நேவல் பேஸில் ‘அஞ்சலே’ என்ற இந்தியப் பெண்ணிடம் கொடுத்தார்கள் என்று. அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஹொக் மூன்று சனிக்கிழமைகளாகத் தேக்காவில் சுற்றியிருக்கிறார். ‘சீன முகம், தமிழ் பேசுவார், அறுபது வயது இருக்கும்’ என்று காய்கறிக்காரரிடமும் பூக்காரரிடமும் கேட்டிருக்கிறார். கமலத்திடம் வருவதற்குமுன் அதே மாதிரி வேறு இரண்டு அம்மாள்களிடம் போய் ‘நீங்கள் என் அக்காவா’ என்று கேட்டாராம். ஒருவர் கோபித்துக்கொண்டார். இன்னொருவர், இல்லை என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து, சற்று அழுதிருக்கிறார்.

கமலத்திடம் பழைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதிலிருந்த பெற்றோர் பெயரும் ஹொக் கைப்பேசியில் காட்டிய தன் அம்மாவின் அடையாள அட்டையிலிருந்த பெயரும் ஒன்றாக இருந்தன. அவ்வளவுதான் ஆதாரம். அதற்குமேல் இரண்டு பேரும் எதையும் கேட்கவில்லை.

“அவங்க இருக்காங்களா?” என்று மட்டும் கமலம் கேட்டாள்.

“இருக்கிறார். எண்பத்தெட்டு. நன்றாகச் சாப்பிடுகிறார்.” ஹொக் தலைக்கவசத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “ஆனால் நான் வந்தது அவருக்குத் தெரியாது. தேடிப் போகாதே என்று சொன்னார். அவளுக்கு ஒரு அம்மா இருக்கிறாள், போய்ச் சொறியாதே என்றார்.”

அந்த வாக்கியம்தான் கமலத்தைக் குத்தியது. அறுபத்திரண்டு வருடமாக அவள் அந்தம்மாவை நினைத்தவளில்லை. நினைக்காமல் இருப்பது தன்னுடைய உரிமை என்று வைத்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடும் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு அவள் ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடக்கை வெட்டிவிட்டாள்.

4

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கதைக்குள் அந்தம்மா வரப்போகிறார், அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். படிக்கச் சுவாரசியமாக இருந்தது. இரண்டாவது வரைவில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒளிந்து நின்று பிள்ளையைப் பார்த்துப்போகிற தியாகியாக்கினேன். எனக்கே கண் கலங்கியது. கலங்கியதும் சந்தேகம் வந்தது. பெற்றவளை ஒன்று பேயாக்க வேண்டும், இல்லையென்றால் தெய்வமாக்க வேண்டும் என்று என் கைக்கு யார் பழக்கியது?

வரைவை மறுபடி படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘கொடுத்துவிட்டாள்’, ‘தூக்கிக்கொண்டாள்’, ‘வளர்த்தாள்’, ‘மறைத்தாள்’ என்று எல்லா வினைச்சொல்லும் பெண்பாலில் முடிந்திருந்தது. ஹொக்கின் அப்பா அன்றைக்கு என்ன செய்தார்? அவருக்கு என் கதையில் ஒரு வினைச்சொல்கூட இல்லை. அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ யாரும் சொல்லப்போவதில்லை. குழந்தையைக் கொடுத்த வீட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! கொடுத்த பழி ஒரே ஒரு ஆள் தலையில்—

[டீச்சர், இது வகுப்பு மாதிரி போவுது. கவிப்ரியாகூட நான் போட்ட சண்டைய எழுதுங்க.]

சரி. சண்டை.

கவிப்ரியாவுக்கு முப்பத்துநான்கு வயது. மருத்துவமனையில் உடலியக்கச் சிகிச்சை தருபவள், இரண்டு புளோக் தள்ளிக் குடியிருப்பவள். கல்யாணமாகி ஏழு வருடம். அவளும் கணவன் ஆதவனும் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்து அதை வீட்டுக்கும் சொல்லிவிட்டார்கள். கமலம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாரம் தவறாமல் ஏதாவது ஒரு வழியாக அந்தப் பேச்சை உள்ளே கொண்டுவருவாள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பல், சலுகை விலையில் வந்த தொட்டில், எதுவானாலும் சரி.

ஹொக் வந்துபோன மூன்றாவது வாரம் கவிப்ரியா சொன்னாள், “ம்மா, போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன். எய்ட்டி எய்ட். அப்புறம் ரிக்ரெட் பண்ணுவீங்க.”

கமலம் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒனக்குப் பிள்ள வேணாம். எனக்கு மட்டும் இந்த வயசுல இன்னொரு அம்மா வேணுமாக்கும்?”

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

“ஒண்ணுதான். வேணாம்னு சொல்ல ஒனக்கு ரைட்ஸ் இருக்குன்னு சொன்னீல்ல? எனக்கும் இருக்கு.”

கவிப்ரியா தலையாட்டினாள். “இருக்கு ம்மா. அப்ப அவங்களுக்கும் இருந்துச்சு.”

இரண்டு பேரும் சாம்பார் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

5

அந்தம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஹொக்கால் பொய் சொல்ல முடியாது, காது சிவந்துவிடும். ஒரு நாள் முழுக்க மகனைத் திட்டினாராம். மறுநாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே, “என்ன வேலை செய்கிறாள்?” என்று கேட்டார். தையல் என்றார் ஹொக். “நான் மெலிந்துபோய்விட்டேன். என் சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. அளவு நாடாவோடு வரச் சொல்.”

இது சாக்கு என்று ஹொக்குக்குத் தெரியும், கமலத்துக்கும் தெரியும். ஆனால் சாக்குக்கு ஒரு மரியாதை உண்டு. வேலையென்று கூப்பிட்டால் போகலாம். கமலம் நாடாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டாள். கவிப்ரியா காரோட்டினாள்.

அங் மோ கியோவில் ஒன்பதாவது மாடி. நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் முறத்தை வைத்து, அந்தம்மா நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். சின்ன உருவம், ஒட்டவெட்டிய வெள்ளை முடி. எழுந்திருக்கவில்லை. கமலத்தின் முகத்தைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

அவருக்குத் தெரிந்தது ஹொக்கியன் என்கிற சீன மொழி. கமலத்துக்குத் தெரிந்தது தமிழ். இருவருக்கும் நடுவில் இருந்தது சந்தை மலாய், காய்கறி வாங்கவும் பேருந்தில் இடம் கேட்கவும் இந்த ஊரில் எல்லாரும் ஒரு காலத்தில் பேசிய மலாய். அந்த மொழியில் அந்தம்மா மகளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“மூக்குக் குத்தும்போது அழுதியா?”

“அழுதேன். எங்கம்மாவும் அழுதாங்க.”

அந்தம்மா தலையசைத்தார். பதில் சரியாக இருந்தது போலிருக்கிறது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “அளவு எடு.”

கூடத்தில், சாமி மாடத்தின் சிவப்பு விளக்குக்கு எதிரில் நிற்கவைத்து கமலம் அளவெடுத்தாள். தோள். கை நீளம். கழுத்து. எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல, கவிப்ரியா எழுதிக்கொண்டாள். பிறகு மார்பளவு. நாடாவை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். அதற்கு இரண்டு கையாலும் வளைத்தாக வேண்டும். தேக்காவில் நாற்பது வருடம் பெண்களை அளந்தவள் அவள். அந்த ஒரு சுற்றில் நாடாவின் மறுமுனை கைக்கு அகப்படவில்லை. இரண்டு தரம் தவறவிட்டாள். மூன்றாவது தரம் பிடித்து, “இருபத்தெட்டரை” என்றாள்.

அந்தம்மா தூக்கிய கைகளை இறக்காமலே நின்றுகொண்டு சொன்னார்:

“டியா அடா சுசு.”

அவளிடம் பால் இருந்தது.

பிறகு உட்கார்ந்து, மறுபடியும் நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். நேவல் பேஸை ஒட்டிய சொங் பாங்கில் அவர்கள் கீரைத் தோட்டம் வைத்திருந்தார்கள். மூன்றாவதும் பெண், அதுவும் புலி வருடம். தாயிடம் பால் ஊறவில்லை. மாமியார் கஞ்சித் தண்ணீர் ஊற்றினாள், மலாயாவின் ஜோகூரிலிருந்து ஒரு ஆள் வந்து குழந்தையைக் கொண்டுபோக ஏற்பாடும் செய்தாள். யாருக்கு, எங்கே என்று யாரும் சொல்லவில்லை. பெற்றவளின் புருஷன் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

(பார்த்தீர்களா, அவருக்கும் ஒரு வினைச்சொல் கிடைத்துவிட்டது.)

கீரை வாங்க வருகிறவள்தான் அஞ்சலை. பிறந்து பத்தாம் நாள் குழந்தையைப் பறிகொடுத்தவள். அன்றைக்கு வேலிக்கு அப்பால் நின்று காசை நீட்டியபோது உள்ளே குழந்தை அழுதது. அஞ்சலையின் சேலை முன்பக்கம் நனைந்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தாய் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து வேலிக்கு மேலாக நீட்டினாள்.

அதன்பிறகு தினமும் காலையும் மாலையும். ஒரு மாதம். கீரை வாங்குகிற சாக்கில் வருவாள், தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள்.

“ஜோகூர்க்காரன் வர்ற அன்னிக்கு, விடிஞ்சதும் ஒன்னத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். அவ வாங்கிக்கிட்டா. இன்னிக்கிச் சாயந்திரம் வந்து வாங்கிக்க மாட்டேன்னு சொன்னேன். ‘நாளைக்கும்?’னு கேட்டா. நாளைக்கும்னு சொன்னேன்.”

கமலம் கேட்டாள், “அப்புறம் பாக்க வந்தீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“வந்தா தூக்குவேன்.”

கவிப்ரியா எழுந்து சன்னலோரம் போனாள்.

கிளம்பும்போது கமலம், “நான் உங்கள எப்படிக் கூப்பிடுறது?” என்று கேட்டாள்.

“அவள எப்படிக் கூப்பிட்ட?”

“அம்மா.”

“அப்ப அது அவளோடது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆ சிம்னு கூப்பிடு” என்றார்.

ஹொக்கியன் அண்டைவீட்டார் நடுவிலேயே வாழ்ந்தவள் கமலம். ஆ சிம் என்றால் சித்தி என்று அவளுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு நடந்தாள். வழியனுப்பக் கூட வந்த ஹொக், மின்தூக்கி கீழே இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னாள். ஹொக் சிரித்துவிட்டார்.

“நாங்கள் நாலு பேரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம்! பாட்டி உத்தரவு. அம்மா என்று கூப்பிட்டால் எது யார் பிள்ளை என்று பேய்க்குத் தெரிந்துவிடுமாம். அந்த வீட்டில் அவரை அம்மா என்று கூப்பிட்டவர்கள் யாருமே இல்லை.”

மின்தூக்கி தரைத்தளத்தில் நின்று கதவு திறந்தது. கமலம் இறங்கவில்லை. ஒன்பதாம் எண்ணை அமுக்கினாள். மேலே போய், கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆ சிம்!”

உள்ளேயிருந்து, “என்ன?”

“பட்டன் முன்னாடியா, பக்கத்துலயா?”

“பக்கத்துல. எப்பவும் பக்கத்துலதான்.”

6

(ஒரு சின்ன விலகல். அவசரமிருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் மார்க்கத்தில் ஒரு வழக்கு உண்டு. ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்தவளும் அதற்குத் தாய். அவளுடைய பிள்ளைகளும் அந்தக் குழந்தையும் உடன்பிறந்தவர்கள், கல்யாணம்கூட ஆகாது. சின்ன வயதில் ஓதும்போது இதை ஒரு சட்டமாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோனேன். கமலக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “அப்ப ஒங்க ஆளுங்க கணக்குல நான் எங்கம்மாவுக்கு ஒரிஜினல் பிள்ளதானே?” என்றார். ஆமாம் என்றேன். “நல்ல ஆளுங்க” என்றார். அன்றைக்கு எனக்குத் தேநீரோடு ஒரு வடையும் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் பகுதியில் அந்தம்மா சொல்வதாக நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். ‘நான் என் குழந்தையைக் கொடுக்கவில்லை, என் குழந்தைக்கு ஒரு தாயைக் கொடுத்தேன்.’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொகுப்பின் பின்னட்டையில் போடலாம் என்றுகூட நினைத்தேன். கமலக்கா அதைச் சுண்ணாம்புக் கட்டியால், துணியில் கோடு போடுகிற மாதிரி, அடித்துவிட்டார். “அந்தம்மா இப்படியெல்லாம் சொல்லல. பால் இருந்துச்சுன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க.” நான் வாதாடிப் பார்த்தேன். அவர் சொன்னார்: “டீச்சர், நீங்க அவங்களுக்காகப் பேசுறீங்க. அவங்களுக்கு வாய் இருக்கு.”)

7

முடிவுகள். எனக்கு மூன்று தோன்றின.

முதலாவதில், சட்டை தைத்து முடிவதற்குள் அந்தம்மா இறந்துவிடுகிறார். புதுச்சட்டை சவப்பெட்டிக்குள்—

[ஏன் எல்லாரையும் கொல்றீங்க? கதை முடியணும்னா யாராச்சும் சாகணுமா? அவங்க நல்லாதான் இருக்காங்க. போன வாரம் எனக்கு நெத்திலி கொடுத்துவிட்டாங்க.]

இரண்டாவதில், கமலத்துக்கு ஞானம் பிறக்கிறது. மகளைக் கட்டிக்கொண்டு, ‘பிள்ளை பெறுவதும் பெறாமல் இருப்பதும் உன் விருப்பம்’ என்று சொல்கிறாள். கவிப்ரியா கண்ணீருடன்—

[நான் எப்ப அப்படிச் சொன்னேன்? இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.]

“இன்னுமா கேக்குறீங்க?” என்று நான் அதிர்ந்தேன்.

“முன்ன வாராவாரம் கேப்பேன். இப்ப மாசம் ஒரு தடவ.” கமலக்கா தலையைக் குனிந்துகொண்டார். “போன மாசம் கேக்க மறந்துட்டேன்.”

கவிப்ரியாவிடம் இதைக் கேட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “ஆண்ட்டி, அவங்க மறக்கல. கேக்க வந்தாங்க, கதவு வரைக்கும் வந்து, ‘சாப்டியா’ன்னு கேட்டுட்டுப் போய்ட்டாங்க. ஐ நோ மை மதர்.”

இதில் எது உண்மையோ, இரண்டையும் அருகருகே வைத்துவிடுகிறேன்.

மூன்றாவது முடிவில், சீனப் புத்தாண்டு விருந்தில் குடும்பமே கூடிப் படமெடுக்கிறது, கமலம் நடுவில் நிற்கிறாள். இதை நானே அடித்துவிட்டேன். புத்தாண்டு அன்றைக்குக் கமலம் வீட்டில்தான் இருந்தாள். கூப்பிட்டார்கள். “மொதல்ல அவங்க என் வீட்டுக்கு வரட்டும். எங்கம்மா இருந்த வீட்டுக்கு” என்றாள்.

சட்டையைத் தைத்து முடித்து, ஹொக்கிடம் கொடுத்தனுப்பினாள். ஊதா நிறம், பொடிப் பூப்போட்டது, பக்கத்துப் பட்டன். இரண்டு நாள் கழித்து ஹொக் பேசினார். சட்டை கனகச்சிதமாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு ஆ சிம் தெம்பனிஸுக்கு வருகிறாராம். கமலத்தைப் பார்க்க அல்ல.

“அஞ்சலையைப் பார்க்க வேண்டும் என்கிறார். கல்லறை எங்கே என்று கேட்கிறார்.”

கமலம் தடுமாறிப்போனாள். அம்மாவின் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. கூடத்தில் மாட்டியிருக்கிற படம் மட்டும்தான் இருக்கிறது என்றாள்.

“படம் போதுமாம்” என்றார் ஹொக்.

8

“நீங்களும் வாங்க டீச்சர்,” என்றார் கமலக்கா. “நோட்டு வேணாம்.”

போனேன். நோட்டு கொண்டுபோகவில்லை. (கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாம் என்று ஒரு கள்ளத்தனம் மனதில் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

காலையிலிருந்து கமலக்கா மூன்று தரம் வீட்டைப் பெருக்கியிருந்தார். கவிப்ரியா இட்லி ஊற்றினாள். என்ன கொடுப்பது என்று அம்மாவும் மகளும் விவாதித்து, எண்பத்தெட்டு வயதுப் பல்லுக்கு இட்லிதான் என்று முடிவானதாம். அஞ்சலையின் படத்துக்குப் புது மாலை. படத்தில் அவர் நாலுமுழப் பூவோடு, புகைப்படக்காரரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹொக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா வந்தார். ஊதாச் சட்டை. வாசலில் செருப்பைக் கழற்ற நேரமாயிற்று. கமலக்கா குனிந்து கழற்றிவிட்டார். உள்ளே வந்தவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படத்திடம் போனார். கமலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தம்மா உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பேச ஆரம்பித்தார். படத்தைப் பார்த்து, மலாயில். பிரார்த்தனை மாதிரி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருத்தியிடம், நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

முதல் வார்த்தை “அஞ்சலே” என்பது எனக்குக் கேட்டது. என் கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. அந்த நேரம் பார்த்துக் கவிப்ரியா என் முழங்கையைப் பிடித்தாள்.

“ஆண்ட்டி, நாம கிச்சனுக்குப் போயிருவோம்.”

ஹொக்கும் எங்களோடு வந்துவிட்டார். மூன்று பேரும் இட்லிப் பானையைச் சுற்றி நின்றோம். ஆவி பறந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து குரல் வந்தது, சொற்கள் வரவில்லை. குரல் ஓரிடத்தில் கேள்வி கேட்டது. ஓரிடத்தில் கோபப்பட்டது. நடுவில் ஒரு நீண்ட இடைவெளி. கவிப்ரியா அடுப்பைத் தணித்தாள். ஹொக் தன் கைக்கடிகாரத்தின் வாரைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். குரல் மறுபடி எழுந்தது, இந்தமுறை தாழ்ந்து, வேகமாக. அதற்குக் கமலக்காவும் ஏதோ பதில் சொன்னார்.

அப்புறம் கமலக்கா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அவரோடு சேர்ந்து இன்னொருவரும்.

அங்கே என்ன பேசினார்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார். இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியும், அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர. என்னால் அதைக் கற்பனை செய்துவிட முடியும். ஆனால் மறுபடியும் அவருக்காக நான் பேசியதாகிவிடும்.

நீங்கள் எப்போதாவது உங்கள் பிள்ளையை ஒரு காலையில் இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடியிருக்கலாம். இல்லையென்றால் யாரோ பெற்ற பிள்ளையைச் சாயந்திரம்வரை இடுப்பில் வைத்திருந்திருக்கலாம். பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்னதைப் புரிந்துகொள்ள ஒருத்தியாவது இருக்கிறாளா என்று தேடியிருக்கலாம். அப்படியென்றால் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் பேசுவதற்கு என்னவெல்லாம் இருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நெத்திலியோ கீரையோ, என்ன வேண்டுமானாலும் வரலாம். அழுகை வந்தாலும் பரவாயில்லை. கமலக்கா வாசிக்கப்போகிறார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கடைசியில் அவர் சிரித்தாக வேண்டும்.

“அஞ்சலே,